வெண்கல வாலிபன் யாரைப் பார்க்கிறான்?

அவன் ஒரு வாலிபன். வயது 16 இருக்கலாம். உயரமோ 2 அடிதான்!

காரணம், அவன் வெண்கலத்தால் ஆனவன்.

தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குனிந்து நிற்கிறான். இடது கை இடுப்பில் இருக்கிறது. வலது கை மடங்கி முன்னே நீண்டிருக்கிறது. அதில் சுட்டு விரல் மட்டும் நீட்டியபடி இருக்கிறது. "உஸ்! பேசாதே. ஏதோ சத்தம் கேட்கிறது" என்று சொல்வது போன்ற தோற்றம்.

தோளில் ஓர் ஆட்டுத் தோல் தொங்குகிறது. காலில் வேலைப்பாடு மிகுந்த செருப்பு. தலையில் ஐவி என்ற கொடியின் காய்களால் கட்டிய மாலை.

இந்தத் தோலையும், செருப்பையும், மாலையையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் உள்ள தேசியத் தொல்பொருள் காட்சிசாலையில் இந்தச் சிலை இருக்கிறது. அதற்கு அறிஞர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரால் உலகம் எங்கும் அதன் புகழ் பரவியது.

அந்தப் பெயர்: நார்சிஸஸ்.

தன்னைத் தானே காதலித்து, அதனாலேயே மாண்டுபோன வாலிபனின் பெயர் அது!

ஊரே புதைந்தது!

இந்தச் சிலை கிடைத்த இடம் பாம்பி நகரம்.

நேப்பிள்ஸ் நகருக்கு அருகே வெசுவியஸ் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செல்வம் கொழித்த ஊர் பாம்பி. கடைகள், நாடக அரங்கு, குளிக்கும் மண்டபங்கள், தோட்டம் வைத்த வீடுகள் எல்லாம் அங்கே இருந்தன.

கி.பி. 79-ம் ஆண்டில் அந்த எரிமலை வெடித்தது. கல்லும் சாம்பலும் மழையாகக் கொட்டின. பிறகு, நெருப்புப் போன்ற சூடான புகையும் சாம்பலும் வெள்ளமாகப் பாய்ந்தன. இரண்டே நாளில் ஊர் இருந்த இடம் தெரியவில்லை.

வளைகுடாவின் மறுகரையில் இருந்து இதைக் கண்ணால் பார்த்தவர் பிளினி என்ற இளைஞர். அப்போது அவருக்கு வயது 17. பின்னாளில் அவர் எழுதிய கடிதங்களில் இருந்துதான் அந்தக் கோரக் காட்சி நமக்குத் தெரிகிறது. அவருடைய மாமா கடற்படைத் தளபதி. மக்களைக் காப்பாற்றக் கப்பலில் போன அந்த மாமா, திரும்பி வரவில்லை.

பாம்பியை உலகம் மறந்துவிட்டது. 1748-ம் ஆண்டில்தான் அங்கே தோண்டத் தொடங்கினார்கள்.

தோண்டத் தோண்ட, தெருக்கள் வந்தன. வீடுகள் வந்தன. சுவரில் தீட்டிய ஓவியங்கள் நிறம் மாறாமல் வந்தன.

1862-ம் ஆண்டில் ஒரு வீட்டில் இருந்து இந்த வெண்கல வாலிபன் வெளியே வந்தான். ஏறத்தாழ 1,780 ஆண்டுகள் மண்ணுக்குள் தலை குனிந்து நின்றவன், மீண்டும் வெளிச்சத்தைக் கண்டான்.

மெழுகு போனது, வெண்கலம் வந்தது

வெண்கலச் சிலையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா?

முதலில் மெழுகால் உருவம் செய்வார்கள். மெழுகு மெத்தென்று இருக்கும். கண், மூக்கு, தலைமுடி எல்லாவற்றையும் நுணுக்கமாகச் செதுக்கலாம். அதன் மேல் களிமண்ணை அப்பிக் காயவைப்பார்கள். பிறகு சூடு காட்டுவார்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி, துளை வழியாக ஓடிவிடும். களிமண்ணுக்குள் வெறும் கூடு மட்டும் இருக்கும்.

செம்பும் வெள்ளீயமும் கலந்து காய்ச்சிய வெண்கலக் குழம்பை அந்தக் கூட்டுக்குள் ஊற்றுவார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால், சிலை!

நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் இந்த மெழுகு வார்ப்புத்தான். அவர்கள் சிலையைக் கெட்டியாக வார்ப்பார்கள். கிரேக்கரும் ரோமரும் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்தார்கள்.

பாம்பியில் இன்னொரு வார்ப்பும் நடந்தது. அது கண்ணீர் வரவழைப்பது.

சாம்பலில் புதைந்த மனிதர்களின் உடல் காலப்போக்கில் மட்கி மறைந்தது. ஆனால் சாம்பல் இறுகிவிட்டதால், உடல் கிடந்த இடம் கூடாக நின்றது. அகழ்வு வேலையை நடத்திய ஜூசெப்பே பியொரெல்லி என்ற அறிஞர் 1863-ம் ஆண்டில் அந்தக் கூடுகளுக்குள் சுண்ணச் சாந்தை ஊற்றினார். அது இறுகியதும் சுற்றி இருந்த சாம்பலை அகற்றினார். செத்துப்போன மனிதர்களின் உருவம் அப்படியே கிடைத்தது! முகத்தைக் கையால் மூடியவர், சுருண்டு படுத்தவர் எல்லாரும் கடைசி நொடியில் இருந்தபடியே இருந்தார்கள்.

அந்த பியொரெல்லிதான் வெண்கல வாலிபனுக்கும் பெயர் வைத்தார். குனிந்த தலையைப் பார்த்தார். எதையோ கேட்பது போன்ற நிலையைப் பார்த்தார். "இவன் நார்சிஸஸ். எக்கோ என்ற பெண்ணின் குரலைக் கேட்கிறான்" என்று முடிவு கட்டினார்.

அவர் அப்படி நினைத்ததில் வியப்பு இல்லை. பாம்பி மக்களுக்கு நார்சிஸஸ் கதை மிகவும் பிடிக்கும். குளத்தின் அருகே அவன் உட்கார்ந்து இருக்கும் ஓவியம் அந்த ஊரில் பல வீட்டுச் சுவர்களில் இருக்கிறது.

யார் இந்த நார்சிஸஸ்?

கிரேக்க நாட்டுப் பழங்கதை இது. ரோமாபுரிக் கவிஞர் ஓவிட், கி.பி. 8-ம் ஆண்டை ஒட்டி இதை விரிவாக எழுதினார்.

லிரியோபி என்ற நீர்த் தேவதைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை கொள்ளை அழகு. தாய்க்குக் கவலை வந்தது. டைரீசியஸ் என்ற கண் தெரியாத தீர்க்கதரிசியிடம் போனாள்.

"என் மகன் நெடுநாள் வாழ்வானா?" என்று கேட்டாள்.

"வாழ்வான். அவன் தன்னை அறியாமல் இருந்தால்!" என்றார் அவர்.

தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை.

பையன் வளர்ந்தான். 16 வயது ஆனது. அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் மயங்கினார்கள். அவனோ ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவு கர்வம்!

காட்டில் எக்கோ என்று ஒரு பெண் இருந்தாள். முன்பு அவள் பெரிய வாயாடி. ஜூனோ தேவியைப் பேச்சிலேயே மயக்கி நிறுத்தி வைத்ததால், தேவி அவளைச் சபித்துவிட்டாள். என்ன சாபம்? அவளாக எதையும் பேச முடியாது. அடுத்தவர் பேச்சின் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லலாம்.

எக்கோ, நார்சிஸஸ் மீது காதல் கொண்டாள். ஆனால் அதைச் சொல்ல வாய் இல்லை. அவன் பேசும்வரை காத்திருந்தாள்.

ஒரு நாள் அவன் நண்பர்களைப் பிரிந்து காட்டில் தனியே நின்றான். "யார் இங்கே இருக்கிறார்கள்?" என்று கத்தினான்.

"இருக்கிறார்கள்!" என்றது குரல்.

அவன் வியந்து அங்கும் இங்கும் பார்த்தான். அவள் ஓடிவந்து தழுவப் போனாள். அவன் உதறிவிட்டு ஓடினான். அவள் வெட்கம் தாங்காமல் குகையில் ஒளிந்தாள். நாளுக்கு நாள் மெலிந்தாள். எலும்பு கல்லாயிற்று. குரல் மட்டும் எஞ்சியது. மலைகளில் நாம் கேட்கும் எதிரொலி அவள்தான் என்று முடிகிறது அவள் கதை.

அவனால் அவமானப்பட்ட இன்னொருவர் வானத்தை நோக்கிக் கை தூக்கினார். "இவனும் காதலிக்கட்டும். அந்தக் காதல் கைகூடாமல் போகட்டும்!" என்று வேண்டினார். பழிக்குப் பழி வாங்கும் தேவதை அதைக் கேட்டாள்.

குளத்தில் ஒரு முகம்

வேட்டையாடிக் களைத்த நார்சிஸஸ், ஒரு குளத்துக்கு வந்தான். ஆடு மாடு கலக்காத தெளிந்த நீர். குனிந்து குடிக்கப் போனான்.

உள்ளே ஒரு முகம்! என்ன அழகு!

அவன் சிரித்தால் அதுவும் சிரித்தது. அவன் அழுதால் அதுவும் அழுதது. கையை நீட்டினால் அதுவும் கையை நீட்டியது. தொட்டால் மட்டும் கலைந்து போனது.

அவன் குளத்தை விட்டு நகரவில்லை. உணவு இல்லை. உறக்கம் இல்லை.

கடைசியில்தான் அவனுக்கு உண்மை புரிந்தது. "ஐயோ! இவன் வேறு யாரும் இல்லை. நானேதான்!" என்று அலறினான்.

தீர்க்கதரிசி சொன்னது பலித்தது. அவன் தன்னை அறிந்துவிட்டான். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கேயே தேய்ந்து மாய்ந்தான்.

அவன் குளத்தில் விழுந்து இறந்தான் என்று பலர் சொல்வார்கள். ஓவிட் அப்படி எழுதவில்லை. அவன் கரையிலேயே உருகி மறைந்தான். உடலைத் தேடியவர்களுக்கு, நடுவில் மஞ்சளும் சுற்றிலும் வெள்ளை இதழும் உள்ள ஒரு பூதான் கிடைத்தது. அந்தப் பூவின் பெயரும் நார்சிஸஸ்!

கூடத்து மேஜையில் குடிபுகுந்தான்

இந்தக் கதையின் நாயகன் வெண்கலத்தில் கிடைத்துவிட்டான் என்றதும் பரபரப்பு ஏற்பட்டது. நேப்பிள்ஸுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் அவனைப் பார்க்க விரும்பினார்கள். பார்த்தவர்கள், "இதுபோல ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார்கள்.

கேட்டதைக் கொடுக்க நேப்பிள்ஸ் வார்ப்படக்காரர்கள் தயாராக இருந்தார்கள். கியுராட்சி குடும்பத்தின் வார்ப்படசாலை, சோமர் என்ற புகைப்படக்காரர் நடத்திய நிறுவனம் ஆகியவை அச்சு அசலான நகல்களைச் செய்து விற்றன. மண்ணில் கிடந்த சிலைபோல் பச்சை நிறம் ஏற்றியும் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியானவர்களின் வீட்டுக் கூடங்களில் நார்சிஸஸ் குடிபுகுந்தான். குழந்தைகளுக்கு அவனைக் காட்டி, "பார்! தன் அழகைத் தானே ரசித்துக் கெட்டவன் இவன்" என்று பெரியவர்கள் கதை சொல்ல வசதியாக இருந்தது.

இப்படி, அவன் வெறும் சிலையாக இல்லை. ஒரு கருத்துக்கு உருவம் ஆகிவிட்டான். கையில் தராசு இருந்தால் நீதி என்கிறோம் அல்லவா? அதுபோல, குனிந்த இந்த வாலிபன் என்றால் தன்னன்பு. அதாவது, ஒருவன் தன் மீதே வைக்கும் ஆசை.

தன்னை நேசிப்பது தவறா?

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது.

நார்சிஸஸ் உண்மையில் தன்னை நேசித்தானா?

தன்னை நேசிப்பவன் என்ன செய்வான்? பசித்தால் சாப்பிடுவான். இருட்டினால் தூங்குவான். வெயில் அடித்தால் நிழலுக்குப் போவான். நார்சிஸஸ் இதில் ஒன்றையும் செய்யவில்லை! தன் உடம்பைப் பட்டினி போட்டுக் கொன்றான்.

அவன் நேசித்தது தன்னை அல்ல. தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தை! இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தைப் பற்றித் தத்துவ ஞானிகள் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்தித்து இருக்கிறார்கள்.

அரிஸ்டாட்டில் சொன்னது

கி.மு. 384-ல் பிறந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், ஒழுக்கத்தைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறார். ஒருவன் தன்னை அதிகமாக நேசிக்க வேண்டுமா, பிறரை அதிகமாக நேசிக்க வேண்டுமா?

தன்னை நேசிப்பவர்களில் இரண்டு வகை உண்டு என்கிறார்.

முதல் வகை, பணம், பட்டம், உடல் இன்பம் ஆகியவற்றில் பெரிய பங்கு தனக்கே வேண்டும் என்பவன். பந்தியில் உட்கார்ந்தால் பெரிய துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆள். உலகம் இவனைத் திட்டுகிறது. திட்டுவது சரிதான்.

இரண்டாம் வகை, நல்ல செயல்களில் பெரிய பங்கு தனக்கு வேண்டும் என்பவன். நண்பனுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவான். நண்பனுக்குப் பணம் கிடைக்கிறது. இவனுக்கு நல்லது செய்த பெருமை கிடைக்கிறது. இரண்டில் எது பெரியது? இவன் பெரியதைத்தான் எடுத்துக்கொண்டான்! ஆகவே இவன்தான் உண்மையில் தன்னை நேசிப்பவன் என்கிறார் அரிஸ்டாட்டில்.

கெட்டவனோ தனக்கே நண்பனாக இருக்க முடியாதாம். தனியே உட்கார்ந்தால், செய்த தீமைகள் நினைவுக்கு வரும். அதனால் தன்னிடம் இருந்தே தப்பி ஓடுவதற்காகக் கூட்டத்தைத் தேடுவான் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரம் தனியே உட்கார நம்மால் முடிகிறதா?

ரூசோவின் இரண்டு வார்த்தைகள்

பிரெஞ்சு மொழியில் எழுதிய ஞானி ரூசோ, நார்சிஸஸ் பெயரில் ஒரு வேடிக்கை நாடகமே எழுதினார். 1752-ம் ஆண்டில் அது பாரிஸ் நகரில் நடிக்கப்பட்டது. கர்வம் பிடித்த ஒரு வாலிபன். அவனுக்குப் பாடம் கற்பிக்க, அவன் படத்தையே பெண் வேடத்தில் மாற்றி வரையச் செய்கிறாள் தங்கை. அவன் அந்தப் படத்தைப் பார்த்து, "யார் இந்த அழகி?" என்று மயங்கித் தேடி அலைகிறான்!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1755-ம் ஆண்டில், ரூசோ ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மனிதர்களுக்குள் ஏற்றத் தாழ்வு எப்படி வந்தது என்பதை ஆராயும் நூல் அது. அதில் தன்னன்பை இரண்டாகப் பிரித்தார்.

ஒன்று இயற்கையானது. பசித்தால் உண்பது, ஆபத்து வந்தால் விலகுவது, உயிரைக் காத்துக்கொள்வது. விலங்குக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. இதில் தவறு இல்லை.

மற்றொன்று ஊரோடு சேர்ந்து வாழும்போது முளைப்பது. அடுத்தவனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை. "எனக்குச் சோறு இருக்கிறதா?" என்று கேட்பது முதல் வகை. "அவன் தட்டில் என்னைவிட அதிகம் இருக்கிறதா?" என்று பார்ப்பது இரண்டாம் வகை. முதல் ஆசை வயிறு நிறைந்தால் அடங்கிவிடும். இரண்டாவது அடங்கவே அடங்காது. ஏனென்றால், உலகத்தில் யாராவது ஒருவர் தட்டில் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும்!

எதிர்த் திசையில் கவலைப்பட்டவர்களும் உண்டு. கி.பி. 5-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அகஸ்டின் என்ற கிறிஸ்தவப் பெரியார், தன் மீது வைக்கும் ஆசை கடவுளையே மறக்கும் அளவுக்குப் போகும் என்று எச்சரித்தார். ஆடம் ஸ்மித் என்ற பொருளாதார மேதையோ, 1776-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் வேறு விதமாகப் பேசினார். ரொட்டிக்காரர் நமக்கு ரொட்டி தருவது நம் மீது இரக்கப்பட்டு அல்ல, தம் பிழைப்புக்காகத்தான் என்றார். தன் நலனை நாடுவதாலும் ஊருக்கு நன்மை விளைகிறது என்பது அவர் வாதம்.

சாப்பிடாத அம்மா

பிறகு இந்தக் கேள்வி மன இயல் அறிஞர்களிடம் வந்தது. நார்சிஸஸ் பெயரில் ஒரு மன நிலைக்கே பெயர் சூட்டினார்கள். 1914-ம் ஆண்டில் பிராய்டு அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார்.

1956-ம் ஆண்டில் எரிக் பிராம் என்ற அறிஞர், அன்பு செலுத்துவதை ஒரு கலையாக விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் சொன்னது பலருக்கும் வியப்பாக இருந்தது. சுயநலக்காரன் தன்னை அதிகமாக நேசிப்பவன் அல்ல, தன்னை நேசிக்கவே தெரியாதவன் என்றார். உள்ளே வெறுமை. அதை நிரப்பத்தான் எல்லாவற்றையும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறான்.

அதோடு நிற்கவில்லை. தனக்கு என்று எதுவுமே வேண்டாம், பிள்ளைகளுக்காகவே வாழ்கிறேன் என்று இருக்கும் தாயைப் பற்றியும் எழுதினார். அந்தத் தாய் மகிழ்ச்சியாக இல்லை என்றால், பிள்ளைகளும் மகிழ்ச்சியாக இருப்பதில்லை. அம்மாவின் மனம் நோகுமே என்று அவர்கள் பயந்து பயந்து வளர்கிறார்கள் என்றார்.

இது நம் வீட்டிலும் நடப்பதுதான். எல்லாருக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டி வழித்து உண்ணும் தாய்மார்கள் எத்தனை பேர்! காய்ச்சல் வந்தாலும் "எனக்கு என்ன?" என்று அடுப்படியில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்! அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, நாம் கை கழுவப் போய்விடுகிறோம்.

அந்தத் தாய் தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, எல்லாரோடும் உட்கார்ந்து உண்டால் அது சுயநலமா? இல்லை. ரூசோ சொன்ன முதல் வகை. உயிரைக் காக்கும் தன்னன்பு. "எப்போது சாப்பிடுவாய், அம்மா?" என்று கேட்க வேண்டியது வீட்டில் உள்ள மற்றவர்களின் கடமை.

பெயரே தவறு!

இனி, வெண்கல வாலிபனிடம் திரும்பிப் போவோம்.

அவனுடைய ஆட்டுத் தோல், செருப்பு, ஐவி மாலை ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோம் அல்லவா?

பிற்கால அறிஞர்கள் அவற்றை உற்றுப் பார்த்தார்கள். ஐவி மாலை யாருக்கு உரியது? தோளில் மிருகத் தோல் போடுவது யார்? இப்படி அலங்காரச் செருப்பு அணிவது யார்?

மூன்று கேள்விக்கும் விடை ஒன்றுதான். டயோனிசஸ்! கிரேக்கரின் மதுத் தெய்வம். ரோமர்கள் அவரை பாக்கஸ் என்று அழைத்தார்கள்.

ஆம், இந்தச் சிலை நார்சிஸஸே அல்ல!

சிலையின் அருகே குளமும் இல்லை, நீரில் தெரியும் முகமும் இல்லை. அப்படியானால் அவன் குனிந்து பார்ப்பது எதை?

டயோனிசஸ் காலடியில் ஒரு சிறுத்தையைக் காட்டுவது அக்காலச் சிற்பிகளின் வழக்கம். அது அவருடைய செல்லப் பிராணி. இந்தச் சிலையின் காலடியிலும் ஒரு சிறுத்தை இருந்திருக்கலாம், அதனோடு விளையாடவே விரலை நீட்டுகிறான் என்பது அறிஞர்கள் கூறும் விளக்கம்.

என்ன வேடிக்கை பாருங்கள்! தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்காதவன் என்று எத்தனையோ பேர் இந்தச் சிலையைக் காட்டிக் குழந்தைகளுக்குப் புத்தி சொன்னார்கள். அவனோ குனிந்து இன்னோர் உயிரோடு விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறான்!

பழைய பெயர் மட்டும் போகவில்லை. பழைய நகல்களை விற்கும் கடைகளில் அவன் இன்னும் நார்சிஸஸ்தான்.

இரட்டைத் தங்கை

அந்த நார்சிஸஸ் மீதாவது சுமத்திய பழி உண்மையா? அதிலும் ஒரு மாற்றுக் கதை இருக்கிறது.

கி.பி. 2-ம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்ற பயணி கிரேக்க நாடு முழுவதும் சுற்றினார். நார்சிஸஸ் குளம் இருந்ததாகச் சொல்லப்படும் தெஸ்பியா பகுதியைப் பற்றி எழுதும்போது, "காதலிக்கும் வயது வந்த ஒருவனுக்கு மனிதன் எது, நிழல் எது என்று தெரியாதா? இது நம்பக் கூடியதா?" என்ற கருத்தில் கேலி செய்கிறார்.

பிறகு, அதிகம் பேருக்குத் தெரியாத வேறு கதையைச் சொல்கிறார்.

நார்சிஸஸுக்கு ஓர் இரட்டைத் தங்கை இருந்தாள். இருவருக்கும் ஒரே முகம். ஒரே மாதிரி உடை. ஒன்றாகவே வேட்டைக்குப் போவார்கள். அண்ணனுக்குத் தங்கை என்றால் உயிர். திடீரென்று அவள் இறந்துவிட்டாள்.

அவன் குளத்துக்குப் போவான். நீரில் தெரிவது தன் முகம்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும், தங்கையே தெரிவதுபோல் எண்ணி ஆறுதல் அடைவான்.

இந்தக் கதையில் அவன் கர்வம் பிடித்தவன் அல்ல. தங்கையைப் பறிகொடுத்த அண்ணன்!

முகம் அதே முகம். குளம் அதே குளம். குனிந்த தலையும் அதேதான். உள்ளே இருக்கும் மனம் மட்டும் வேறு.

கண்ணாடி முன் நிற்கும்போது

வீட்டில் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கும் மகளையோ மகனையோ "அழகு பார்த்தது போதும்!" என்று அதட்டுகிறோம். அவர்கள் கர்வத்தால் நிற்கிறார்களா, "என்னை யாருக்கும் பிடிக்கவில்லையே" என்ற ஏக்கத்தால் நிற்கிறார்களா? கேட்டால்தானே தெரியும்!

பியொரெல்லி பெரிய அறிஞர். புதைந்த நகரத்தின் மனிதர்களை நம் கண் முன் நிறுத்தியவர். அப்படிப்பட்டவரே, குனிந்த தலையைப் பார்த்து, தவறான பெயர் வைத்துவிட்டார். நாம் எம்மாத்திரம்?

நேப்பிள்ஸ் காட்சிசாலையில் அந்த 2 அடி வாலிபன் இன்றும் நிற்கிறான். அதே சாய்ந்த தலை. அதே நீட்டிய விரல். காலடியில் இருந்ததாக எண்ணப்படும் சிறுத்தையைத்தான் காணோம்.

அது இல்லாததால்தானே, அவன் தன்னையே பார்க்கிறான் என்று உலகம் நினைத்துவிட்டது!